ரமழானும் தைராய்டு மாத்திரையும்

(ஷஅபான் மாத இறுதியில் நமது பள்ளிவாசலில் நடைபெற்ற ரமழான் வரவேற்புக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ரமழானை வரவேற்கும் கூட்டத்தில் தராவீஹைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். அவற்றை எனக்கு முன் பேசிய ஆலிம் பெருந்தகை அழகுறச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சிறிய மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன், இதே ஷஅபான் மாதத்தில், இஷா தொழுகை முடிந்து நான் விளக்கணைக்கும் நேரத்தில் ஓர் இளைஞர் வந்தார். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர். "ஹஜ்ரத், உம்மா விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள். போட்டபின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸஹரில் என்ன செய்வது?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், "ஸஹர் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி, நோன்புக்கு ஒரு குறையும் வராது" என்றேன். அவரும் மனநிறைவோடு போய்விட்டார்.

நோன்பின் சட்டத்தைப் பொறுத்தவரை நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டது நோன்பின் சட்டத்தை மட்டும் அன்று.

அந்தத் தாய் நான் சொன்னபடியே செய்தார். சோறும் பாலும் வாழைப்பழமும் உண்டு, அதோடு அந்த மாத்திரையையும், எலும்புக்காகக் கொடுக்கப்பட்டிருந்த கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினார். முப்பது நாளும் இப்படி. ஷவ்வால் மாத ஆறு நோன்பும் இப்படியே. பெருநாள் கழிந்த பின் உடம்பில் ஒரு சோர்வு. முகம் ஊதியது, மலச்சிக்கல், பகலெல்லாம் உறக்கம். நோன்பின் களைப்பு என்று வீட்டார் நினைத்தார்கள். பிறகு இரத்தப் பரிசோதனை செய்ததில், ரமழானுக்கு முன் 3 என்றிருந்த டி.எஸ்.எச். அளவு 14-ஐத் தாண்டியிருந்தது. "மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "ஒரு நாளும் விட்டதில்லை" என்றார் அந்தத் தாய். அது உண்மை. மருத்துவர் 75 மைக்ரோகிராமை 100 ஆக உயர்த்தினார். அவர் மீதும் குற்றமில்லை. நேரம் மாறியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் வினை. ரமழான் முடிந்ததும் அந்தத் தாய் பழைய வழக்கப்படி வெறும் வயிற்றில் மாத்திரை போடத் தொடங்கிவிட்டார். மருந்து முழுமையாக உடம்பில் சேர்ந்தது. அளவோ இப்போது கூடுதல். இரண்டு மாதத்தில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், இரவில் உறக்கமின்மை. இதயக் கோளாறோ என்று அஞ்சி ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இன்னும் ஏதேதோ பார்த்தார்கள். கடைசியில் வேறொரு மருத்துவர், "மாத்திரையை எப்போது போட்டீர்கள், எதனோடு போட்டீர்கள்?" என்று கேட்டபோதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. அளவு மறுபடியும் 75-க்கு இறங்கியது. அந்த இளைஞர் பள்ளிக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். என்னைக் குறை கூறி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாயிற்று.

அதன்பின் நம் பகுதியில் ஒரு மருத்துவரிடம் நேரம் கேட்டுப் போய் அமர்ந்தேன். மதரஸாவில் ஏழாண்டு ஓதிப் பட்டம் பெற்று, பல ஆண்டு மிம்பரில் நின்றவன், அன்று மீண்டும் மாணவனாக உட்கார்ந்தேன். அன்றும் அதன் பிறகும் கற்றதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் ஒரு சுரப்பியை அல்லாஹ் வைத்திருக்கிறான். அது சுரக்கும் தைராக்ஸின் என்ற நீர்தான் உடம்பின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் இதயம் மெதுவாகும், குடல் மந்தமாகும், தோல் வறளும், முடி கொட்டும், குளிர் தாங்காது, மறதி வரும். பெரும்பாலும் இதற்குக் காரணம், உடம்பின் பாதுகாப்புப் படையே அந்தச் சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்கி அழிப்பது. ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் இதை முதன்முதலில் விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அந்நோய் அழைக்கப்படுகிறது.

இது யாருக்கோ வருகிற நோய் என்று எண்ணிவிடாதீர்கள். நம் சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2013-இல் வெளியாயிற்று. அவர்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அந்த 11 பேரில் மூன்றுக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது பல மடங்கு அதிகம். மேல்தளத்தில் இருக்கும் தாய்மார்களிடம் கேட்டால், கைப்பையில் அந்தப் புட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

இப்போது டி.எஸ்.எச். என்ற எண்ணுக்கு வருகிறேன். இதில்தான் நம் மக்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அது மேற்பார்வையாளர் போன்றது. இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால், "இன்னும் சுரந்து தா" என்று தைராய்டுக்குக் குரல் கொடுக்கும். அந்தக் குரல்தான் டி.எஸ்.எச். வேலை குறையக் குறைய மேற்பார்வையாளரின் சத்தம் கூடும். ஆகவே டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். நம்மவர்களோ சீட்டில் 9 என்று பார்த்ததும், "எனக்குத் தைராய்டு ஏறிவிட்டது" என்று சொல்லி, தாமாகவே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார்கள். கூட்ட வேண்டிய இடத்தில் குறைக்கிறார்கள்! அதேபோல் எண் மிகவும் இறங்கி 0.1-க்குக் கீழே போனால், "நோய் குணமாகிவிட்டது" என்று மகிழ்கிறார்கள். மருந்து மிகுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்நிலை நீடித்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு தேயும்; வயது அறுபதைக் கடந்தவர்களுக்கு இது சிறிய ஆபத்தன்று.

மருந்தின் அளவு எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். 100 மைக்ரோகிராம் மாத்திரைகள் பத்தாயிரத்தைச் சேர்த்தால்தான் அதிலுள்ள மருந்து ஒரு கிராம் தேறும். சுரப்பி முற்றிலும் செயலிழந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவை; அறுபது கிலோ உள்ளவருக்கு 100-ஐ ஒட்டி வரும். முதியவருக்கும் இதய நோயாளிக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்துவார்கள். இவ்வளவு நுட்பமான அளவை, பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்பதற்காக நாமும் போடுவதும், நாமே கூட்டிக் குறைப்பதும் எப்படித் தகும்?

இன்னொன்று. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. அதனால் அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும்; பத்து நாளில் மறுபரிசோதனை செய்வது காசுக்குத்தான் கேடு. ஒரு நாள் மறந்துவிட்டால் பதறவும் வேண்டாம். நோன்பாளி பகலில் நினைவு வந்து அதற்காக நோன்பை முறிக்க வேண்டியதில்லை. ஆனால் "நோன்பே மருந்து" என்று ஒரு மாதம் முழுக்க நிறுத்திவிட்டால்? வாரத்துக்கு வாரம் பாதி பாதியாகக் குறைந்து, நான்கு வாரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படி நிறுத்துபவர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

இந்த மாத்திரை ஹலாலா என்றும் என்னிடம் பலர் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. இந்த மருத்துவத்தின் தொடக்கமே கால்நடையின் சுரப்பியில்தான். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். மரணத்தின் வாயிலில் இருந்த அவர் நலம் பெற்று, அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல் மறைந்தார். 1914-இல் அமெரிக்காவில் கெண்டால் என்பவர் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டன், பார்கர் என்ற இருவர் அதைச் செயற்கையாக உருவாக்கினர். இன்று நம் மருந்துக் கடைகளில் எல்ட்ராக்ஸின், தைரோநார்ம், தைராக்ஸ் என்ற பெயர்களில் கிடைப்பது அந்தச் செயற்கை மருந்தே. அதிலுள்ள தைராக்ஸின் எந்த விலங்கிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. ஆனால் வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், பன்றியின் தைராய்டை உலர்த்திச் செய்த மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. "இயற்கையானது" என்ற பெயரில் அங்குள்ள உறவினர் அனுப்பி வைத்தால், புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

கருஞ்சீரகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் சிறப்பை மறுப்பவன் நான் அல்லன். என் வீட்டிலும் அது உண்டு. ஆனால் அதைத் தின்றுகொண்டு தைராய்டு மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரேனும் மார்க்கத்தின் பெயரால் சொன்னால், அதற்கு நான் உடன்பட மாட்டேன். அழிந்துபோன சுரப்பி தர முடியாததை அந்த மாத்திரை தருகிறது. துஆவும் செய்யுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

சரி, ரமழானில் என்ன செய்வது? இந்த மருந்து வெறும் வயிற்றில் போட்டால்தான் நன்றாகச் சேரும். உணவு அதைத் தடுக்கும். காபியும் தடுக்கும், மயிலாப்பூர்க் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு ஃபில்டர் காபி இல்லாமல் விடிவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும், வயிற்றெரிச்சலுக்கான சில மருந்துகளும் மிகவும் தடுக்கும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இப்போதைய ஆண்டுகளில் நமக்கு ரமழான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. சென்னையில் ஸஹர் முடிவது காலை ஐந்து மணியை ஒட்டி. நாலேகாலுக்குச் சாப்பிட உட்காருபவர் மூன்றரைக்கு எழுந்து, தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டால், முக்கால் மணி நேரம் கிடைத்துவிடும். இது ஒரு வழி.

இரண்டாவது வழி, இரவு உறங்கப் போகும் முன். கடைசியாக உண்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரவில் போடுவதால் பலன் குறையுமோ என்று ஐயப்பட வேண்டாம். நெதர்லாந்தில் 90 நோயாளிகளிடம் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், காலையில் போட்டதைவிட இரவில் போட்டபோது மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நம் வீட்டு ரமழான் இரவுகள் எப்படி என்று நமக்குத் தெரியாதா? ஆறேகால், ஆறரைக்கு நோன்புக் கஞ்சி, வடை, சமோசா; மஃரிப் தொழுதுவிட்டு வந்து சாப்பாடு; தராவீஹ் முடிந்தபின் மறுபடி ஒரு பந்தி! ஏழரைக்குள் உணவை முடித்து, தராவீஹுக்குப் பின் தண்ணீர் தவிர வேறெதுவும் தொடாதவருக்கே இந்த வழி பொருந்தும். பதினொரு மணிக்குப் போடலாம்.

இஃப்தாரின்போது தண்ணீரோடு மாத்திரையைப் போட்டு, மஃரிப் தொழுது, அதன்பின் கஞ்சி குடிப்பேன் என்பவரும் உண்டு. அரை மணி நேரமாவது பொறுக்க முடிந்தால் அதுவும் நடக்கும். பதின்மூன்று மணி நேரம் பசித்திருந்தவர் கஞ்சிக் கிண்ணத்தின் முன் அரை மணி நேரம் பொறுப்பாரா? என்னால் முடியாது, அதனால் நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாதம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். ரமழானுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். பெருநாள் முடிந்து பழைய நேரத்துக்குத் திரும்பி ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை செய்வது மேல். அதற்கு முன்பே செய்து எண் மாறியிருந்தால், மருத்துவர் அளவை மாற்ற எழுதும் முன், "ஒரு மாதம் நேரத்தை மாற்றிப் போட்டேன்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதால் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் நோன்பு முறிவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளின் நிலை வேறு. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸினே ஆதாரம். குழந்தையின் சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதனால் ஏற்கெனவே மாத்திரை போடும் பெண் கருவுற்றால், பெரும்பாலும் அளவை 25 முதல் 30 சதவீதம் வரை கூட்ட வேண்டியிருக்கும். வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகப் போடச் சொல்வது மருத்துவர்களின் வழக்கங்களில் ஒன்று. கரு உறுதியானதும், அடுத்த மாதப் பரிசோதனை வரட்டும் என்றிராமல், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கோஷா ஆஸ்பத்திரி ஆகட்டும், தனியார் மருத்துவமனை ஆகட்டும், அங்கே இரும்புச் சத்து மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடாதீர்கள். மருமகள் மாத்திரை போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று தடுக்கும் மாமியார்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து தடுக்காதீர்கள். நிறுத்துவதுதான் பிள்ளைக்கு ஆகாது.

கர்ப்பிணிகளும், நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு மிகவும் தளர்ந்திருப்பவர்களும், இதயக் கோளாறும் சேர்ந்திருப்பவர்களும் நோன்பு நோற்கலாமா என்பதை அவர்களின் மருத்துவர் சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேறு நாள்களில் கழாச் செய்துகொள்ளலாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது. அதை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றபடி, நாளுக்கு ஒரு மாத்திரை போட்டு நலமாக இருப்பவர், இந்நோயைக் காரணம் காட்டி ஃபர்ழான நோன்பை விடவும் வேண்டியதில்லை.

சில சில்லறைச் செய்திகள். கடையில் "அதே மருந்துதான், வேறு கம்பெனி" என்று மாற்றிக் கொடுத்தால், கூடியவரை பழையதையே கேட்டு வாங்குங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆறு வாரம் கழித்து ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். புட்டியிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போட்டு அடுப்பு மேடையில் வைக்க வேண்டாம். வெளிச்சமும், நம் கடற்கரை ஊரின் ஈரமும் வெக்கையும் அதற்கு ஆகாது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்; அது சில ஆய்வுக்கூட முறைகளில் எண்ணைப் பொய்யாகக் காட்டும். முட்டைக்கோஸை அறவே ஒதுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். சமைத்து, அளவாக உண்பதில் தடையில்லை.

அந்த இளைஞரின் உம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறார்கள். ரமழானில் மூன்றரை மணிக்கு எழுந்து, ஒரு குவளைத் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, காத்திருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் தஹஜ்ஜுத் தொழுது குர்ஆன் ஓதுகிறார்கள். கால்சியம் மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பின். சென்ற ஆண்டு பெருநாள் முடிந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்த சீட்டை மகன் என்னிடம் கொண்டு வந்து காட்டினார். 75 மைக்ரோகிராம்தான், மாற்றமில்லை.